அலங்காரத்துறையில் ஆட்கள் இறங்கிய விதம்

ஐப்பசிப் புயல் அலங்காரத்துறை என்கிற மீனவ ஊரின் விசைப்படகுகளில் மூன்றை ஆட்களோடு எடுத்துக்கொண்டு போய், தேடப்போன கப்பல்கள் வெறுங்கையோடு திரும்பி, உடல் இல்லாத கல்லறைக் குழிகளை மந்திரிக்க நாள் குறிக்கலாமா கூடாதா என்று பங்குச்சாமி தயங்கிக்கொண்டிருந்த வாரத்தில், விண்ணரசி காணாமல்போனவர்களுக்காக ஒரு வலைப்பக்கம் செய்தாள். தூத்துக்குடியில் இருக்கிற கல்யாண மண்டபங்களுக்கும் நகைக்கடைகளுக்கும் வீட்டிலிருந்தே பக்கம் செய்துகொடுப்பதுதான் அவள் பிழைப்பு. போன படகுகளில் ஒன்றை ஓட்டிப் போன பெலவேந்திரன் அவள் புருஷன். எந்தத் துறைமுகத்திலாவது எந்தத் தீவிலாவது கரை ஒதுங்கிக் கிடந்தால் பார்த்தவர்கள் அடையாளம் சொல்லட்டும் என்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு படம் கேட்டாள்.

முகம் தெரிந்தால் போதும் என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் யாரும் முகம் மட்டும் தெரிகிற படத்தைக் கொண்டுவரவில்லை. ஸ்டுடியோவில் எடுத்து, பின்னால் அருவி விழவைத்து, அன்னம் நீந்தவைத்து, வாடகைக் கோட்டு மாட்டிவிட்டு, கல்யாண மண்டப வாசலில் பேனராகக் கட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கிவைத்திருந்த படங்களைக் கொண்டுவந்தார்கள். விண்ணரசியிடம் இருந்ததும் கல்யாணப் படம் ஒன்றுதான். கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் பெலவேந்திரன். கோயில் நடையில் தப்ப வழியில்லாமல் நின்ற அந்த ஒருநாள்தான் படத்தில் அகப்பட்டிருந்தான். அழுத கண்ணோடு நிற்கிறவர்களிடம் போய் உங்கள் ஆளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் எல்லாப் படத்தையும் வந்த அளவிலேயே, ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத பி.என்.ஜி. என்கிற வகையில் போட்டு ஏற்றிவிட்டாள். நகைக்கடைக்காரன் யாராவது கேட்டிருந்தால் இப்படிச் செய்யவே கூடாது என்று அவளே சொல்லியிருப்பாள்.

அலங்காரத்துறையில் டவர் விட்டுப்போகாமல் கிடைக்கிற இடம் கோயில் மணிக்கூண்டு ஒன்றுதான், அங்கேயும் நூலாகத்தான் கிடைக்கும். பங்குச்சாமியின் பழைய போனில் பக்கத்தைத் திறந்து மணிக்கூண்டு ஜன்னலில் வைத்தார்கள். அது திறந்தது, வெள்ளையாகக் கிடந்தது, கிடந்துகொண்டே இருந்தது. மறுநாள் உச்சிவெயிலில், படகு கட்டுகிற சிமெண்டுப் பாலத்தின் மேல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மிக்கேல், தனக்கு எதிரே ஓர் ஆள் உயரத்தில், காற்றில், உப்புத் தண்ணீர் சொட்டச்சொட்டக் கொஞ்சம் தலைமுடி நிற்பதைப் பார்த்தார்.

"பெலவேந்திரன் முடில்லா இது," என்று சொல்லிவிட்டு, ஈரம் படாமல் வலையைச் சற்றுத் தள்ளி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதே நேரத்தில் மணிக்கூண்டுப் போனில், ஒவ்வொரு படத்துக்கும் மேல்விளிம்பில் ஒரு கீற்று மட்டும் இறங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் பாலத்தின் நீளத்துக்கும், உயரமானவனுக்கு உயரத்தில், குட்டையானவனுக்குத் தாழ்வில், போன ஆண்கள் அத்தனை பேரின் முடியும் வரிசையாக வந்து நின்றுவிட்டது. படம் எவ்வளவு இறங்குகிறதோ ஆளும் அவ்வளவு வருகிறான் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குழி மந்திரிக்கிற பேச்சை விட்டுவிட்டு, பயணம் போகிறவர்களுக்கான ஜெபத்தை எடுத்தார் பங்குச்சாமி. பெண்கள் எண்ணெயும் சீப்புமாகப் பாலத்துக்கு வந்து, உப்பேறிச் சிக்குப் பிடித்திருந்த முடியைக் கோதிவிட்டு, கண் வருவதற்குள் வகிடு எடுத்து முடித்தார்கள். நெற்றி வந்தவர்களுக்குச் சிலுவை போட்டார்கள், காது வந்தவர்களுக்கு ஊர்ச் செய்தியெல்லாம் சொன்னார்கள், காக்கா வந்து உட்காராமல் இருக்கத் தார்ப்பாய் கட்டினார்கள். வயிறும் காலும் வரவேண்டிய வெறும் இடத்தின் வழியே யாரும் குறுக்கே நடந்து போய்விடக் கூடாதென்று ஒவ்வொருவனுக்கும் கீழே சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தைச் சுற்றிப் போவதே பாலத்தில் நடக்கிற முறையாயிற்று. டவரை வேறு யாரும் இழுத்துவிடக் கூடாது என்று ஊரே கூடிப் பேசி, பாட்டுப் பார்ப்பதை நிறுத்தியது, சீரியலை நிறுத்தியது, வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளிடம் முகம் பார்த்துப் பேசுவதையும் நிறுத்தியது. மீன் ஏலக்காரர் மட்டும் ஒருநாள் ஒளித்துவைத்து கிரிக்கெட் பார்த்தார். அன்று எந்த மூக்கும் அரை விரல்கூட இறங்காததால் யார் என்று தெரிந்துபோய், அவர் போனைப் பிடுங்கி உப்புச் சாக்குக்குள் போட்டார்கள்.

கண் வந்ததும் அவர்கள் பார்த்தார்கள். வாய் வந்ததும் பேசினார்கள். பெலவேந்திரனின் வாய் வந்தபோது விண்ணரசி அவனுக்கு நேர்கீழே உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி விண்ணு," என்றான் அவன். "நல்லா மெலிஞ்சிட்டியே."

"நீங்க மட்டும் பெருத்தா போயிட்டிய? கழுத்தே இல்ல உங்களுக்கு," என்றாள் அவள். பிறகு கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவன் கன்னத்தில் கன்னத்தை வைத்து அழுதாள். அப்புறம் அவள் ஊட்டிவிட்டு அவன் குடித்த கஞ்சி எங்கே போகிறது என்று பார்க்க மிக்கேல் குனிந்து பார்த்தார். எங்கேயும் போகவில்லை, ஆனால் பெலவேந்திரனுக்குப் பசி அடங்கிற்று.

இப்படியே தாடை வரைக்கும் வந்து எல்லோரும் நின்றிருந்தபோதுதான், இன்னொரு புயல் உருவாகி இந்தப் பக்கம் வருகிறது என்றும், அலை பாலத்தை மூடும் என்றும், டவருக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்றும் அறிவிப்பு வந்தது. நிற்கிறவர்களைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று முதலில் பார்த்தார்கள். வரிசையில் நின்ற லூர்துராயனின் தலையை நாலு பேர் சேர்ந்து பிடித்து இழுத்தும் அது காற்றில் ஆணி அடித்ததுபோல் நின்றது. அவனுக்குக் காது வலித்ததுதான் மிச்சம். அவர்களாகக் கால் வந்து, அவர்களாக நடந்தால்தான் கரை.

கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. விண்ணரசி எழுந்தாள். அவளுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"இப்ப இறங்குத மாதிரி இறங்குனா, புயல் வாரதுக்குள்ள நெஞ்சுகூட வராது. படத்த மாத்தணும். பக்கத்த ஒருக்க மூடித் தெறக்கணும்."

"மூடுனா?" என்றார் பங்குச்சாமி.

"வந்த அம்புட்டும் போயிரும் சாமி. பொறவு புதுசா வரணும்."

குழந்தைத் தெரசம்மாள் என்கிற, ஒரே மகன் லூர்துராயனைக் கடலுக்குக் கொடுத்திருந்த கருவாட்டுக்காரி, எழுந்து நின்றாள். "ஏட்டி, என் மவன் தலை அங்க நிக்கி. பேசுதான். அத நீ அழிப்பியா? அவன் தலையில ஒரு மயிரு குறைஞ்சாலும் நான் சம்மதிக்க மாட்டேன்."

"ஒருக்க செஞ்சு பாத்துட்டுச் சொல்லுதேன் மாமி," என்றாள் விண்ணரசி.

படகோடு போன நாய் ஒன்று இருந்தது, கேப்டன் என்று பெயர். அதற்கென்று தனியாக ஒரு பக்கம் செய்து, பள்ளிக்கூடத்து டீச்சர் பிரான்சிஸ்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பகலெல்லாம் மணிக்கூண்டில் உட்கார்ந்து நாயை வரவழைத்து வரவழைத்துப் பார்த்தாள். முதலில் ஜிஃப். அது கொஞ்சம் நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுகிற வகை. நாய் சீக்கிரமே வந்தது, ஆனால் அதன் பழுப்பு முதுகு சுவரில் வண்ணம் அடித்ததுபோல் பட்டை பட்டையாக இருந்தது. அடுத்து ஜேபெக். அது கண்ணுக்குத் தப்புகிற நுணுக்கத்தைப் பார்த்துப் பார்த்து விட்டுவிடுகிற வகை. ரொம்ப நெருக்கிப் பிழிந்து போட்டபோது நாய் சதுரம் சதுரமாக, கால்விரல் எது நகம் எது என்று தெரியாமல் வந்து, நடக்கத் தெரியாமல் விழுந்தது. கொஞ்சம் தளர்த்திப் போட்டபோது நன்றாகவே வந்தது. அப்புறம் வெப்பி என்கிற புதிய வகை. அது அதே நாயை அதைவிடக் குறைந்த பாரத்தில் ஒரு மயிர் பிசகாமல் கொண்டுவந்தது. ஆனால் டீச்சரின் புதுப் போனில்தான் வந்தது. பங்குச்சாமியின் பழைய போனுக்கு அந்த வகையே தெரியவில்லை, வெறும் கட்டத்தைக் காட்டிற்று, பாலத்தில் நாய் நிற்க வேண்டிய இடத்தில் காற்று மட்டும் அடித்தது.

"அப்ப எதத்தான் வைக்கப்போற?" என்று கேட்டார் டீச்சர்.

"ரெண்டையும் வைப்பேன். புதுசு தெரிஞ்ச போனு புதுசை எடுக்கட்டும், தெரியாதது ஜேபெக்க எடுக்கட்டும். எந்தப் போனு தெறந்தாலும் ஆளு வரணும்."

வகையைவிடப் பாரம் கூடியது அளவுதான் என்பதும் அன்று எல்லோருக்கும் விளங்கிற்று. உள்ளங்கை அகலப் போனுக்கு மண்டபச் சுவரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அளவைக் குறைத்து, சுற்றியிருந்த அருவியையும் அன்னத்தையும் வெட்டிவிட்டால், பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஆனால் நாயின் படத்தில் பின்னால் இருந்த படகை வெட்டிப் போட்டுக் கொண்டுவந்தபோது, கேப்டன் கரையில் கிடந்த படகுகளைப் பார்த்து, வாழ்நாளில் கண்டிராத ஒன்றைக் கண்டதுபோல் குலைத்தது. ஏற்றி உட்காரவைத்தாலும் குதித்து ஓடியது. படத்தில் எதை வெட்டினோமோ அதை அது மறந்துபோயிருந்தது.

விண்ணரசி இதை மறைக்கவில்லை. வீடுவீடாகப் போய், படத்தைக் காட்டி, எதை வெட்டட்டும் என்று கேட்டாள். வாடகை பைக்கில் சாய்ந்து நின்ற சேசுமரியானின் மனைவி, பைக் மறந்தால் பெரிய நிம்மதி என்று தானே விரலால் கோடு போட்டுக் காட்டினாள். குழந்தைத் தெரசம்மாள் மட்டும் கதவைத் திறக்கவில்லை. அதனால் விண்ணரசி பாலத்துக்குப் போய் லூர்துராயனிடமே கேட்டாள். அவன் கேட்டுவிட்டு, தன் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னான்.

"யம்மா," என்றான் அவன், தாடைக்குக் கீழே கடலே தெரிய. "முடி வேண்டாம். எனக்குக் காலு வேணும்."

தெரசம்மாள் அவன் மூக்கை விரலால் தடவினாள். பிறகு விண்ணரசியின் பக்கம் திரும்பாமலே, "மூக்குல உள்ள தழும்ப மட்டும் விட்ராத," என்றாள்.

"விட மாட்டேன் மாமி. அளவத்தான் குறைக்கேன். தழும்பு அப்படியே இருக்கும்."

எல்லாப் படத்தையும் செய்து முடித்து, மொத்தப் பாரத்தையும் டவர் தருகிற வேகத்தையும் வைத்துப் பார்த்தபோது, இன்னும் கொஞ்சம் மிஞ்சி நின்றது. மிஞ்சியது அவளுடைய படம்தான். கல்யாணத்தன்று அவள் தலையில் போட்டிருந்த வலைமுக்காடு, அதன் ஒவ்வொரு கண்ணும், அதில் கோத்த ஒவ்வொரு முத்தும், பட்டுச்சேலையின் சரிகையும், ஜேபெக்கானாலும் வெப்பியானாலும் நுணுக்கம் கூடிய இடத்தில்தான் பாரம் கூடும் என்பதால், அந்தப் பக்கத்திலேயே கனமான பொருளாக அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். பெலவேந்திரனையும் சேர்த்து நெருக்கிப் பிழிந்தால் பாரம் இறங்கும், இறக்கிப் பார்த்தாள், அவன் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுக்கான் பிடிக்கிற கை அது. மற்ற வீடுகளிடம் இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று திரும்பப் போய்க் கேட்க அவளுக்கு மனமில்லை. தன் உருவத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டாள், வெட்டினாள், தூர எறிந்தாள். அவன் படத்தைப் பக்கத்தின் கடைசியில் வைத்தாள்.

காற்று எழும்பிவிட்ட காலையில், பாலத்துக்குப் போய் அதை அவனிடம் சொன்னாள்.

"கிறுக்கா உனக்கு?" என்றான் பெலவேந்திரன். "உன்னைய வெட்டிட்டு என்னைய மட்டும் கொண்டாந்து என்னத்துக்கு?"

"நான் இங்கனதான இருக்கேன். படத்துலதான இல்ல."

"எனக்குத் தெரியாதுல்லா! உன்னைய யாருன்னே தெரியாம வந்து நிக்கதுக்கு, நான் இப்பிடியே இந்தத் தலையோட கடல்ல போறேன்."

"நீங்க மட்டுமில்ல, பக்கத்த மூடாம விட்டா முன்னால நிக்கவங்களும் போவாவ."

"ஒரு கை குறைச்சுக்கோ. காது ஒண்ண எடுத்துக்கோ. விண்ணு, நான் சொல்லுதத கேளு, வேண்டா…"

அவள் அவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு, மணிக்கூண்டை நோக்கிக் கையை உயர்த்தினாள். ஜன்னலில் காத்திருந்த பங்குச்சாமி பக்கத்தை மூடினார். அந்தச் சொல்லின் கடைசி எழுத்து வராமலே அவன் இல்லாமல்போனான். பாலம் முழுக்க யாருமில்லை. சுண்ணாம்பு வட்டங்களின் மேல் முதல் தூறல் விழுந்தது. கரையில் நின்ற ஊர் ஒரே குரலாக ஓலமிட்டது, தெரசம்மாள் மண்ணில் விழுந்தாள், விண்ணரசி மட்டும் உயர்த்திய கையை இறக்காமல் நின்றாள்.

பங்குச்சாமி திரும்பத் திறந்தார்.

இந்தமுறை அவர்கள் தலையிலிருந்து இறங்கவில்லை. ஜேபெக்கிலேயே முழுதும் மங்கலாக முதலில் வந்து பிறகு தெளிகிற மாதிரி ஒன்று உண்டு, அதைத்தான் அவள் வைத்திருந்தாள். வரிசையின் முதல் வட்டத்தில் தலை முதல் கால்வரை ஓர் ஆள் பனிமூட்டம்போல எழுந்து, மூட்டம் இறுகி முகமாகி, முகத்தில் மூக்காகி, மூக்கில் தழும்பாகி, லூர்துராயன் சொந்தக் காலில் நின்றான். "ஓடுல!" என்று கரை கத்தியது, அவன் ஓடினான். அடுத்தவன் எழுந்தான், ஓடினான். சேசுமரியான் எழுந்தான், வாடகைக் கோட்டோடு ஓடினான். பாதி வரிசை முடிந்தபோது மழைச்சாரல் அடித்துப் பங்குச்சாமியின் போன் செத்தது. டீச்சர் தன் போனை முந்தானைக்குள் வைத்துத் திறந்தார், அது தனக்குத் தெரிந்த புதுவகையை எடுத்துக்கொண்டது, மீதிப் பேர் மூட்டம் இல்லாமல் பளிச்சென்று வந்து விழுந்தார்கள். கரையில் அம்மாமார்களும் பெண்டாட்டிமார்களும் வந்தவர்களை வயிற்றைத் தொட்டு, முட்டியைத் தொட்டு, பாதத்தைத் தொட்டுச் சரிபார்த்தார்கள்.

கடைசியில் பாலத்தின் மேல் அலை ஏறிக்கொண்டிருந்தது. விண்ணரசி கடைசி வட்டத்தின் பக்கத்தில் கயிற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். மணிக்கூண்டில் டவர் போய் வந்து, போய் வந்து, ஒருமுறை வந்தபோது, பெலவேந்திரன் கல்யாண வேட்டியோடு, தனியாக, முழுசாக, அவள் முன்னால் நின்றான். பத்து விரலும் பத்து விரலாக இருந்தன.

அவன் பாலத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "யக்கா, வேற யாரும் பாலத்துல நிக்காவளா?" என்று கேட்டான்.

"யாருமில்ல," என்றாள் விண்ணரசி. "நடங்க."

அவர்கள் மணலில் கால் வைத்ததற்கும் டவர் அடியோடு போனதற்கும் அதிக நேரம் இல்லை. அன்று மாலைக்குள் பாலத்தின் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது.

புயல் கடந்து கூரைகளை எல்லாம் திரும்ப வேய்ந்த பிறகுதான் ஊருக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. பெலவேந்திரன் தன் அக்கா வீட்டில் தங்கியிருந்தான். படகு தெரிந்தது, நீவாடு என்கிற கடல் நீரோட்டம் தெரிந்தது, அக்கா பிள்ளைகளின் பட்டப்பெயர்கூடத் தெரிந்தது, கல்யாணம் ஆனது மட்டும் தெரியவில்லை. சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். தெரசம்மாள் விண்ணரசி வீட்டுக்கு வந்து சண்டை போட்டாள்.

"உன்னைய எதுக்குட்டி வெட்டுன? என் மவன் முடிய வெட்டிருக்கலாம்லா! இப்பத்தான் டவரு வந்துட்டே. முழுப் படத்தையும் போடு, ஒருக்க மூடித் தெற."

"புதுசா வரணும்னா, இப்ப இருக்கவிய போவணும் மாமி."

"திரும்ப வருவான்லா?"

"வருவாவன்னு நான் ஒருக்க நம்புனேன். கை தூக்கினேன். இன்னொருக்க எனக்குத் தெம்பில்ல, எனக்கு அது வேண்டவும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, தெரசம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விண்ணரசி அந்தப் பக்கத்தை இருந்த இடம் தெரியாமல் அழித்தாள். "அவிய கரையில இருக்காவ. எனக்கு வாயி இருக்கு. நான் பாத்துக்கிடுதேன்."

அன்றிலிருந்து அவள் தினமும் காலையில் அவன் அக்கா வீட்டு வழியாகப் போனாள். முதலில் சும்மா போனாள். பிறகு நின்று, இன்றைக்குக் கடல் எப்படி என்று கேட்டாள். அவன் பதில் சொன்னான். அடுத்து அவன் பதிலில் ஒரு தப்பைப் பிடித்துச் சண்டை போட்டாள், அவன் அதற்குச் சிரித்தான். நீங்க என் புருஷன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

தை பிறந்த பின் ஒரு சாயங்காலம், அவள் வாசலோரத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு மண்டபத்தின் படங்களைச் சின்னதாக்கிக்கொண்டிருந்தபோது, பெலவேந்திரன் வந்து படியில் நின்றான்.

"ஒண்ணு கேப்பேன், கோவப்படக் கூடாது."

"கேளுங்க."

"நான் வந்த நாளுலேந்து இந்த இடது கையில, முட்டிக்கு மேல, யாரோ பிடிச்சிட்டே இருக்காவ." சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். அங்கே ஒன்றும் இல்லை. "நாலு விரலு. குளிக்கும்போதும் இருக்கு, வலை இழுக்கும்போதும் இருக்கு. அக்காட்ட கேட்டேன், டாக்டர்ட்ட கேட்டேன். இது யாருன்னு உங்களுக்குத் தெரியுமோன்னு தோணிச்சு."

படத்தை வெட்டும்போது அவளால் முக்காட்டை எடுக்க முடிந்தது, முகத்தை எடுக்க முடிந்தது, அவன் கையைப் பிடித்திருந்த அந்த விரல்களை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் அவன் கையில் ஓட்டை விழுந்திருக்கும். அவள் மடிக்கணினியை மூடித் தள்ளி வைத்தாள்.

"தெரியும்," என்றாள். "சொல்லுதேன். ஆனா நேரமாவும்."

"எனக்கு இன்னைக்கு வேலையில்ல," என்றான் பெலவேந்திரன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.